ஏழில் ஒன்று

வாய் முதலில் சொன்னது ஐயோ என்றுதான். அதில் கனகசபைக்குச் சந்தேகமே இல்லை. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பாக்கியம் அந்த ஐயோவைக் கேட்டுத்தான் அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தாள். அவிநாசியண்ணன் போயிட்டாருங்ணா என்று டிரைவிங் ஸ்கூல் தனராஜ் சொன்னான், இவர் ஐயோ என்றார், பெண்டாட்டி எழுந்து வந்தாள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் தனராஜ் சொல்லி முடித்ததற்கும் வாய் ஐயோ என்றதற்கும் நடுவில், ஒரு கொட்டாவி விடக்கூட இடமில்லாத சின்னச் சந்தில், மனசு வேறொன்றைச் சொல்லிவிட்டது. கண்ணாடி, என்றது. அவ்வளவுதான், ஒரே சொல். முப்பது வருஷச் சிநேகிதன் செத்துப் போனான் என்று காதில் விழுந்ததும் இந்த மனசுக்குத் தோன்றியது அவன் முகமில்லை, அவன் குரல் இல்லை, அவனுடைய காரின் முன்கண்ணாடி. ராத்திரி முழுக்க அதையே புரட்டிப் பார்த்தாயிற்று. ஐயோ முந்தியா கண்ணாடி முந்தியா? ஒருவேளை இரண்டும் ஒன்றாக வந்திருக்கலாம். ஒன்றாக வந்தால் பரவாயில்லையா? வந்ததே தப்பு, இதில் முந்தி என்ன பிந்தி என்ன. இப்படி யோசித்து யோசித்து இப்போது, காலை வெயில் சாமியானாத் துணியைத் தாண்டி முழங்காலில் விழுகிற நேரத்தில், எழவு வீட்டு வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் கனகசபை. கண் எங்கே போகிறது என்றால், நேராகப் போர்ட்டிகோவுக்குப் போகிறது. போகாதே என்றால் கேட்டால்தானே.

போர்ட்டிகோவில் அது நிற்கிறது. அவிநாசியப்பனின் ஹெரால்ட் கார். பாலாடை நிறம், நாலு கதவு, பின்பக்கம் சின்னதாக வாலை உயர்த்தின மாதிரி இரண்டு முனை. முன்பக்கம் முழுசும் ஒரே மூடி, திறந்தால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் சாயும். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இந்த வண்டி போடுவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குத் தெருவில் கொண்டுபோனால் சிக்னலில் நிற்கிற பையன்கள், இது எந்த ஊர் வண்டிங்க தாத்தா என்று கேட்கிறார்கள். நம்ம மெட்ராஸில் செய்ததுடா என்றால் நம்புவதில்லை. கோயமுத்தூரில் ஹெரால்ட்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் ஆரம்பித்தபோது, அதுவும் இதே வீட்டில்தான் ஆரம்பித்தது, ஆயுதபூஜையன்று ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சந்தனப்பொட்டு வைத்து வரிசையாக நிறுத்தினால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாய்க் குறைந்தது. ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று கொடுத்தார். ஒருத்தர் செத்தார், பிள்ளைகள் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஒன்று மழைத் தண்ணீரில் முழுகியது. இப்போது ஓடுவது ஏழு. போன ஆயுதபூஜைக்கு ஏழையும் நிறுத்திவிட்டு மைதானத்தைப் பார்த்தால் பந்தியில் பாதிப்பேர் எழுந்து போன மாதிரி இருந்தது. அவிநாசிதான் சிரித்தபடி சொன்னார், கனகு, இனி நமக்கு மைதானம் வேண்டாம், என் வாசலே போதும் என்று. அந்த வாசல் இது. இன்றைக்கு நிஜமாகவே போதுகிறது. ஹெரால்டுகள் வெளியே ரோட்டோரம் நிற்கின்றன, உள்ளே ஒன்று. தனராஜ் வண்டி மட்டும் வரவில்லை, கியர்பாக்ஸ் மக்கர், மோட்டார்பைக்கில் வந்தான். கனகசபையின் நீல வண்டியும் ரோட்டில்தான் நிற்கிறது. வேண்டுமென்றே வேப்பமர நிழலில், முகம் மதிலைப் பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார். அந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாம்.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு டிப்பர் லாரி தெறித்துவிட்ட கல். அன்றைக்கு அது ஒரு கடுகு. விரலால் தடவினால்தான் தெரியும். பத்து நாளில் ஒரு கால் முளைத்தது, அப்புறம் இன்னொரு கால், இப்போது டிரைவர் கண்ணுக்கு நேரே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கோடு ஓடிவிட்டது. எதிரே வருகிற பஸ் அந்தக் கோட்டில் இரண்டாகப் பிளந்து, தாண்டியதும் ஒட்டிக்கொள்கிறது. வண்டிக்குத் திரும்பப் பதிவு போட வேண்டிய தேதி அடுத்த மாதக் கடைசி. இந்தக் கண்ணாடியோடு கொண்டுவராதீங்க என்று இன்ஸ்பெக்டர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். வேறு கண்ணாடி? வளைவுக் கண்ணாடி அது. ஒற்றைக் கண்ணாடிக்கு அச்சு செய்ய எந்தக் கம்பெனியும் தயாரில்லை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் சிரித்தார்கள். இதெல்லாம் யாரிடம் புலம்பினார்? அவிநாசியிடம்தான். அந்த மனிதர் சும்மா இருந்தாரா, ஈரோடு, திருச்சி, பாண்டிச்சேரி என்று தெரிந்தவன் தெரியாதவனுக்கெல்லாம் போன் போட்டார். போன வாரம்கூட, கனகு, சேலத்துல ஒருத்தன் கோடவுன்ல ஒண்ணு கெடக்குதாமா, ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டு ரெண்டு பேரும் போலாம், உன் வண்டி வேண்டாம், என்னுதுல போலாம், கண்ணாடிய மடியில வெச்சு கொண்டாந்துரலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு. அந்தச் சேலத்துக்காரன் யார், எந்தக் கோடவுன் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மடியில் வைத்துக் கொண்டுவரலாம் என்றவர் உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்கிறார், அவர் மூக்கில் பஞ்சு. இந்தப் பக்கம் இவர் அவருடைய கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். இல்லை. ஒரு கீறல் இல்லை. வைப்பர் தேய்த்த தடம்கூட இல்லை. சீ, என்று கனகசபை தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர் அதைத் துக்கம் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்.

தோளைத் தட்டியதும் இன்னும் கூசியது. ஆனால் கணக்கு கூசுவதில்லையே, அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கனகசபை முப்பத்தைந்து வருஷம் மில் டைம் ஆபீசில் இருந்தவர், தலைகளை எண்ணிப் பழகிய மூளை. ஏழு ஓடுகிறது. இனி அவிநாசி வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்? பிள்ளை கிடையாது. பெண்டாட்டி ருக்மணிக்கு ஓட்டத் தெரியாது. நிற்கிற வண்டி ஆறு மாதத்தில் தானாகவே செத்துவிடும், டயர் உட்காரும், எலி ஒயரைக் கடிக்கும். அப்போது ஆறு. அதற்குள் கண்ணாடி இல்லாமல் தன்னுடையதும் நின்றுவிடும். அப்போது ஐந்து. இந்தக் கண்ணாடியை அங்கே மாட்டினால்? ஆறு. ஐந்தை விட ஆறு பெரிதுதானே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வண்டிகளுக்காகத்தான் சொல்கிறேன், எனக்காகவா? எனக்காகத்தான். யாரை ஏமாற்றுகிறாய், கனகசபை. அந்த நீல வண்டி இல்லையென்றால் நீ யார்? தெருமுனைக் கடையில் கனகசபை வீடு எது என்று கேட்டால் முழிப்பான், ஹெரால்ட்காரர் வீடு என்றால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவான். கல்யாண வீடுகளில் முதல் வரிசை நாற்காலி எதற்காகக் கிடைக்கிறது? அந்த வண்டியில் மாப்பிள்ளையை உட்கார வைக்கத்தான். வண்டி போனால் மீதி இருப்பது ஒரு பென்ஷனும் சர்க்கரை வியாதியும். இதை அவர் பாக்கியத்திடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால், அட, இதுக்காகத்தானா என்பாள்.

ஆனால் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓடுகிற வண்டியை உடைக்கக் கூடாது. நின்றுபோன வண்டியை, இனிக் கிளம்பாது என்று எல்லார் முன்னாலும் தெரிந்துபோன வண்டியை மட்டும்தான் பிரித்து யாருக்கு எது தேவையோ கொடுக்கலாம். ஓடுவதாக இருந்தால் எப்படியாவது ஓட்டுகிற கையாகப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், அது வேறு ஊராக இருந்தாலும் சரி. இதைக் கொண்டுவந்தவர் அவிநாசிதான். இல்லீன்னா நாமளே ஒருத்தர் சாவை ஒருத்தர் எதிர்பாத்துட்டு உக்காந்திருப்பம்டா என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கனகசபைதான் அதிகமாகச் சிரித்தார். ஆக, எல்லாம் இந்த ஒன்றில் நிற்கிறது, அது கிளம்புகிறதா இல்லையா. தனராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போர்ட்டிகோவையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணும் அங்கேதான். கியர்பாக்ஸ், என்று நினைத்தார் கனகசபை, இவனுக்கும் கியர்பாக்ஸ் வேண்டுமே, சின்னப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இவனும் அதைத்தான் நினைக்கிறான். அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கெட்டவன் இன்னொருவன் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு ஆறுதல்.

அப்போதுதான் ருக்மணியின் தம்பி வந்து குனிந்தார். கையில் சாவி.

"அண்ணா, போர்ட்டிகோவுலதானுங்க குளிப்பாட்டோணும். வண்டிய வெளிய எடுக்கோணும். அக்கா உங்ககிட்டத்தான் குடுக்கச் சொல்லுச்சு. வேற ஆரையும் மாமா தொட உடமாட்டாராமா."

சாவியில் ஒரு சின்னப் பித்தளை முருகன். எத்தனையோ தடவை பார்த்த முருகன். கனகசபை எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், எழவு வீடு என்று ஞாபகம் வந்து இறக்கிவிட்டார். போர்ட்டிகோவுக்குள் நுழையும்போது ஹால் ஜன்னல் வழியாக உள்ளே பெண்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, நடுவில் ருக்மணியின் முதுகு. அழுது முடித்த முதுகு, அசையாமல் இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட்டு அவிநாசியின் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது, கால் எட்டவில்லை, நுனியில் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே விபூதி வாசனை, பெட்ரோல் வாசனை, ஒரு துண்டு. அந்தத் துண்டை அவிநாசி கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டுவார். பின்சீட்டில் ஒரு பழைய கம்பளி மடித்து வைத்திருந்தது. எதற்குக் கம்பளி என்று யோசித்தவர், சேலம் என்று தானே பதில் சொல்லிக்கொண்டார். கண்ணாடியைச் சுற்றிக் கொண்டுவருவதற்கு. மனிதர் ஒரு வாரம் முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறார். இப்போது நிமிர்ந்து பார்த்தார். முன்னால் கேட், சாமியானா, ஆட்கள், வேப்பமரம், எல்லாம் முழுசாக, பிளக்காமல், ஒட்டாமல், அதது இருக்கிற இடத்தில் இருந்தன. மூன்று மாதமாக இப்படி உலகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி முழுக்க நிறுத்தியிருந்த ஹெரால்டைக் கிளப்ப வேண்டுமென்றால் சோக்கை இழுக்க வேண்டும். டாஷ்போர்டில் கறுப்புக் குமிழ். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். இது ஹெரால்ட்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஒரு கை சாவிக்குப் போனால் இன்னொரு கை தானாகவே சோக்குக்குப் போகும், சாப்பிட உட்கார்ந்தால் கை இலைக்குப் போகிற மாதிரி. போயிற்று. கனகசபையின் கை அந்தக் குமிழின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். எடு, என்றது யார் என்று தெரியவில்லை. கையை எடுத்து ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார், அது மறுபடி ஓடிவிடாதபடி. நான் பொய் சொல்லப் போவதில்லையே. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சாவியைத் திருப்பச் சொன்னார்கள், திருப்புகிறேன். திருப்பினார். கர் கர் கர் என்று இழுத்து, இருமி, நின்றது. மறுபடி திருப்பினார். கர் கர் கர். தொண்டையில் சளி கட்டிய கிழவன் மாதிரி இருமியது. சாமியானாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹெரால்ட்காரர்கள் எழுந்து நின்றார்கள். மூன்றாவது தடவை திருப்பும்போது உள்ளங்கை வேர்த்து சாவி வழுக்கியது. போதும், பார்த்துவிட்டார்கள், எல்லார் முன்னாலும் தெரிந்துவிட்டது. கனகசபை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"கிளம்பலை," என்றார். ஒரு வார்த்தைதான். அதுவும் உண்மைதான்.

தனராஜ் ஓடிவந்தான், பின்னால் இரண்டு பேர். "தள்ளிரலாமுங்ணா, நீங்க உக்காருங்க" என்று ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். அப்போது ஹால் வாசலில் ஒரு சலசலப்பு. எங்க போறே அம்மிணி, எந்திரிக்கக் கூடாது என்று யாரோ கிழவி கத்துவது கேட்டது. ருக்மணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, முகம் வீங்கி. அவள் யாரையும் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள்.

"அண்ணா, சோக்கு இழுக்கலீங்களாட்ட இருக்குதுங்க. சத்தத்துலயே தெரியுது."

தள்ள வந்தவர்கள் கையை எடுத்தார்கள். கனகசபைக்குக் காது இரண்டும் கொதித்தன. நேற்றுக் காலையிலும் மார்க்கெட்டுக்குப் போய்வந்த வண்டி, இத்தனை வருஷமாகச் சமையலறையில் நின்றுகொண்டு இந்தச் சத்தத்தைக் கேட்டே அவர் புறப்பட்டாயிற்று என்று தெரிந்துகொண்ட காது அவளுடையது. அதை நினைக்காமல் போனாயே, எல்லார் கண்ணையும் நினைத்தாய், ஒரு காதை மறந்தாய்.

"பாவம், உங்களுக்கும் ஒண்ணும் ஓடாது. மறந்துட்டீங்க," என்றாள் ருக்மணி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு உள்ளே போய் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறந்துட்டேன். ஆமாம் அம்மிணி, மறந்துட்டேன். வாயால் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், ஆனால் தலை ஆடியது ஆடியதுதான். துக்கத்தில் கை ஓடாத நல்ல மனிதன் என்று கொடுத்த பட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயிற்று. சிலபேர் உச்சுக் கொட்டினார்கள். இதற்கு நாலு பேர் நாலு அறை விட்டிருந்தால் தேவலை. கை மறுபடி போனது, இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை, குமிழை இழுத்தார், சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பு, வண்டி சரேலென்று பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. அந்தச் சத்தம் வந்ததும் தனராஜ் இரண்டு கையையும் தட்டிவிட்டான், எழவு வீட்டில், தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜன்னல் பக்கம் குனிந்தபோது அவன் கண்ணில் தண்ணீர். "ஓடுதுங்ணா! நாங்கூட பயந்தே போயிட்டனுங். அண்ணனோட இதும் போயிருச்சோன்னு அப்பப் புடிச்சு அதையேதான் பாத்துட்டு இருந்தனுங். ஏழு ஏழாவே இருக்குதுங்ணா." கனகசபை அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கிளட்சைப் பார்த்தார். அப்படியானால் இவன் கியர்பாக்ஸை நினைக்கவில்லை. அந்த நாற்காலி வரிசையில் அதை நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தன்தான், ஒருத்தனே தனியாக.

குளிப்பாட்டி, கோடித்துணி போட்டு, எடுக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. செத்தவரின் வண்டி சவ வேனுக்கு அடுத்தபடியாகப் போக வேண்டும், மற்ற வண்டிகள் அதன் பின்னால், இதுவும் கூட்டத்து வழக்கம். யார் ஓட்டுவது என்று யாரும் கேட்கவேயில்லை, சாவி கனகசபையிடம்தானே இருக்கிறது. அவருடைய நீல வண்டியைத் தனராஜ் எடுத்தான். வேனில் ஏற்றுகிற வரைக்கும் இவர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார், தலைக்கு மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தன் வண்டி, அதன் முகத்தில் குறுக்கே கோடு, கோட்டுக்கு மேலே தனராஜின் நெற்றி, கீழே அவன் மோவாய். அடுத்த மாதக் கடைசியோடு ஏழில் ஒன்று குறையும். அது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. வலித்தது, நன்றாகவே வலித்தது, ஆனால் அந்த வலியைப் பற்றிக்கூட யாரிடமும் சொல்லிக்கொள்ள யோக்கியதை இல்லை. அவிநாசி இருந்திருந்தால் சேலம் போயிருப்போம் நாளைக்கு. அவர் ஓட்டியிருப்பார், நான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். வழியில் அவிநாசி, பத்திரமாப் புடிடா கனகு என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். முதல்முறையாக, நேற்றிலிருந்து முதல்முறையாக, அந்தக் குரல் கண்ணாடியை முந்திக்கொண்டு வந்தது, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதுவும் சந்தேகமாக இருந்தது, இந்த அழுகை யாருக்கு.

பெண்கள் கேட் வரைக்கும்தான். ஓலமெல்லாம் வேனைச் சுற்றி இருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து விலகி ருக்மணி இந்த வண்டி ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே எட்டி டாஷ்போர்டைப் பார்த்தாள்.

"சோக்கை உள்ள தள்ளிட்டீங்களா? இழுத்தே வெச்சிருந்தா பொகைஞ்சுக்கும்."

"தள்ளிட்டேன் அம்மிணி." அதோடு நிறுத்தியிருக்கலாம். வேன் கதவைச் சாத்திவிட்டார்கள், சங்கு ஊதியாயிற்று, யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. "அம்மிணி, நான்... நான் மறக்கலை."

ருக்மணி ஜன்னல் விளிம்பில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் நிற்கிற நீல வண்டியை ஒரு தடவை பார்த்தாள், அதன் முகத்தில் ஓடுகிற கோட்டைப் பார்த்தாள்.

"தெரியுமுங்கண்ணா," என்றாள். "வண்டிய எடுங்க. அவரு போறாரு."

வேன் நகர்ந்திருந்தது. கனகசபை கியரைப் போட்டார்.